பொன்னாடைக்கு முன் படிக்கட்டைப் பாருங்கள்: காயம்பட்ட படைவீரர்களுக்கு இடமும் சேவையும் அமைக்க ஒரு வழிகாட்டி

பெங்களூரு அல்சூரில் வளர்ந்த எங்களுக்குப் பட்டாளம் என்பது அடுத்த தெரு. ஏரியை ஒட்டியே ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் மையம் இருக்கிறது. 1780-இல் தொடங்கிய அந்தப் படையின் வீரர்களை அதிகாரிகள் இன்றும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழ் தெரியாத பஞ்சாபி அதிகாரி வாயிலும் அந்த ஒரு சொல் இருக்கும். என் அப்பாவும் சித்தப்பாவும் அந்தத் தம்பிகளில் இருவர். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு மேற்கு எல்லை நெடுகக் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. மறு வருடம் அவற்றைத் திரும்ப எடுக்கும் வேலையில் சித்தப்பா இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார்.

நான் வீடுகளுக்கும் சிறு மண்டபங்களுக்கும் உள்வேலை எடுத்துச் செய்பவள். சில வருடங்களுக்கு முன் ஒரு சுதந்திர தினத்தன்று சித்தப்பாவுக்குப் பொன்னாடை போர்த்த ஒரு மண்டபத்தில் அழைத்திருந்தார்கள். அந்த வாரம் பார்த்துத் துண்டான காலின் நுனியில் கொப்புளம். செயற்கைக்காலை மாட்ட முடியாமல் வீல்சேரில் வந்தார். வாசலில் ஐந்து படி. நான்கு பையன்கள் நாற்காலியோடு தூக்கினார்கள். மேடைக்கு மறுபடியும் தூக்கினார்கள். டாய்லெட் கதவுக்குள் சக்கரம் நுழையவில்லை, மூன்று மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து, "இனிமே யாராவது கூப்பிட்டா எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடும்மா" என்றார்.

அதற்குப் பிறகு இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். சங்கம், மண்டபம், கிளினிக், அலுவலகம், கோயில் என்று எதையாவது நடத்துகிறவர், காயம்பட்ட வீரர்களும் வந்து போகும்படி அதை மாற்ற நினைத்தால், எங்கே தொடங்குவது என்பதை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

முதல் வேலை: கேட்பது

மேஸ்திரியைக் கூப்பிடுவதற்கு முன் இரண்டு மூன்று வீரர்களை உங்கள் இடத்துக்கு வரவழைத்து ஒரு அரைநாள் கூடவே நடங்கள். ஆட்டோவுக்கும் நேரத்துக்கும் பணம் கொடுங்கள். நிபுணரின் ஆலோசனைக்குக் கொடுப்பதுபோல அது அவர்களுக்குச் சேர வேண்டிய கூலி. ஒரே வகைக் காயம் உள்ளவர்களை மட்டும் கூப்பிட வேண்டாம். கால் போனவருக்கு வேண்டியது வேறு, முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு வேண்டியது வேறு. வெடிச்சத்தத்தில் காது மந்தமானவர், பார்வை போனவர், தலையில் அடிபட்டு மறதியும் தலைவலியும் உள்ளவர், உடம்பில் ஒரு கீறலும் தெரியாமல் இரவில் தூங்க முடியாதவர் என்று எல்லோருமே காயம்பட்டவர்கள்தான்.

"எப்படி ஆச்சு?" என்று கேட்காதீர்கள். சொல்ல நினைத்தால் அவரே சொல்வார். "இங்கே எது கஷ்டமா இருக்கு? போன மாசம் எங்கே போகணும்னு நினைச்சுப் போகாம விட்டீங்க?" என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்கள்தான் என் வேலையின் பாதியை எனக்குக் கற்றுக்கொடுத்தன. வீட்டு அம்மாவிடம் தனியாகப் பேசுவதும் அவசியம். எழுந்து உட்கார வைப்பது, இரவில் கூடவே நடப்பது எல்லாம் பெரும்பாலும் அவர்தான். தன் முதுகுவலியைக் கணவர் முன்னால் சொல்ல மாட்டார்.

இன்னொன்று: ஒரே ஆளுக்கு நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு. சித்தப்பா வழக்கமாகச் செயற்கைக்காலோடு நடப்பவர் என்பதால்தான் அந்த மண்டபத்தார் படிக்கட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை. அவருடைய மோசமான நாளை மனதில் வைத்து அமையுங்கள்.

அவர் எங்கிருந்து வருகிறார்

ராணுவ மருத்துவமனையில் இருக்கும்வரை பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் கால் இருக்காது. பெங்களூரில் பழைய ஏர்போர்ட் ரோட்டில் விமானப்படையின் கமாண்ட் மருத்துவமனை இருக்கிறது. செயற்கைக்கால் என்றால் புனேயில் 1944-இல் தொடங்கிய செயற்கை உறுப்பு மையம். இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்களுக்குப் புனே கிர்கியிலும் மொகாலியிலும் தனி மறுவாழ்வு மையங்கள். அங்கெல்லாம் சக்கர நாற்காலி ஒரு சாதாரணப் பொருள். ஊருக்கு வந்ததும் தெருவிலேயே அவர் ஒருவர்தான் அப்படி. எல்லோரும் பார்க்கிறார்கள், பேச்சைப் பாதியில் நிறுத்துகிறார்கள். என் அனுபவத்தில் ஊர் திரும்பிய முதல் ஆறு மாதம்தான் மிகக் கடினம், நம்முடைய உதவி அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான்.

அந்தச் சமயத்தில் அதே மாதிரிக் காயத்தோடு மூன்று நான்கு வருடம் முன்னே நடந்துவிட்ட இன்னொருவரை அறிமுகப்படுத்தி வைப்பதைவிடப் பெரிய உதவி எனக்குத் தெரியவில்லை. இல்லாத பாதம் எரிகிறது, விரல் மடங்கி வலிக்கிறது என்று ஊர் திரும்பியவர் சொன்னால் வீட்டார் பயந்துவிடுவார்கள். இன்னொருவர் சிரித்துக்கொண்டே, "எனக்கும்தான் அண்ணே, மழை வந்தா அதிகமாகும்" என்பார். அது மாயவலி, கற்பனை அல்ல. கண்ணாடியில் நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி அசைக்கும் பயிற்சியை 1990-களில் உலகுக்குக் காட்டியவர் தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன். சிலருக்கு அது நன்றாகவே பலன் தருகிறது. பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம்.

வாசலிலிருந்து நாற்காலி வரை

இப்போது அளவு டேப்பை எடுங்கள். ஆட்டோ நிற்கும் இடத்திலிருந்து அவர் உட்காரும் நாற்காலி வரை, வழியில் எங்கும் படியோ குறுகலோ வழுக்கலோ இருக்கக் கூடாது. சங்கிலி மாதிரித்தான் இது, ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றதெல்லாம் வீண்.

சாய்தளத்துக்கு 1:12 என்பது கணக்கு. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். ஐந்து படி, படிக்கு 15 செ.மீ. என்றால் மொத்த உயரம் 75 செ.மீ., சாய்தளம் 9 மீட்டர் வேண்டும். "இவ்வளவு நீளமா?" என்று மேஸ்திரி அதிர்ச்சியாவார். இடம் இல்லையென்று பாதியாகக் குறைத்தால் சக்கர நாற்காலி பின்னால் சரியும், வெறும் படிக்கட்டைவிட ஆபத்து. நடுவில் 1.5 மீட்டர் சமதளம் விட்டு மடக்கி இரண்டாகப் போடுங்கள். இரு பக்கமும் கைப்பிடி, ஓரத்தில் சக்கரம் நழுவாமல் சிறு தடுப்பு. வழவழப்பான கிரானைட் வேண்டவே வேண்டாம். விசேஷ நாளில் அதன்மேல் கோலம் போடாதீர்கள், கோலமாவும் மழைத்தண்ணீரும் சேர்ந்தால் ஊன்றுகோல் வழுக்கிவிடும்.

சாய்தளம் போட்டதும் படிக்கட்டை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. செயற்கைக்காலில் கணுக்கால் சரியாக மடங்காது. அதனால் சரிவில் இறங்குவது பலருக்குப் படி இறங்குவதைவிடச் சிரமம். சித்தப்பா எப்போதும் படியைத்தான் தேடுவார். படியும் இருக்கட்டும், இரண்டு பக்கமும் உறுதியான கைப்பிடியோடு. படி விளிம்புகளில் மஞ்சள் பட்டை ஒட்டினால் பார்வை மங்கலானவர்களுக்கும் உதவும்.

கதவு குறைந்தது 90 செ.மீ. அகலம். உள்ளே நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் காலியாக இருக்க வேண்டும். பூந்தொட்டி, செருப்பு ஸ்டாண்டு, ஃபிளெக்ஸ் பேனர் எதுவும் அங்கே வரக் கூடாது. வீடுகளில் நிலைப்படி பெரிய பிரச்சினை. மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடும் படியை உடைக்கப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள், அவர்களை வற்புறுத்தவும் வேண்டாம். 5 செ.மீ. நிலைப்படி என்றால் இரு பக்கமும் 60 செ.மீ. நீள மரச்சரிவு ஒன்று செய்து வைத்தால் போதும். வெள்ளிக்கிழமை எடுத்துவிட்டுப் படியைத் துடைத்துப் பொட்டு வைக்கலாம்.

வண்டி நிறுத்த 3.6 மீட்டர் அகல இடம் வாசலுக்குப் பக்கத்திலேயே ஒதுக்குங்கள். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வருகிறவர்கள் நிறைய. மெட்ரோவில் வருகிறவர்களுக்கும் வழி சொல்லுங்கள். அல்சூர் நிலையம் 2011-இல் ஓடத் தொடங்கிய முதல் பாதையிலேயே உள்ளது, லிஃப்டும் இருக்கிறது. நிலையத்திலிருந்து உங்கள் வாசல் வரை உள்ள நடைபாதைதான் கேள்வி. நீங்களே ஒரு முறை நடந்து பார்த்து, எந்தப் பக்கம் குழி இல்லை, எங்கே சாலையைக் கடக்கலாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்த அளவுகளெல்லாம் 2021-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட அணுகல்வசதி வழிமுறைகளில் இருக்கின்றன. அதை உங்கள் பொறியாளரிடம் கொடுத்து, அதன்படியே வரைபடம் கேளுங்கள்.

டாய்லெட்: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

பணம் குறைவாக இருந்தால் மேடை அலங்காரத்தை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள். நல்ல டாய்லெட் இல்லாத இடத்துக்கு வருகிறவர் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார். முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும்.

சுமார் 2.2 மீட்டருக்கு 2 மீட்டர் அறை. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், அல்லது தள்ளுகதவாக இருக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். கம்மோடு உட்காரும் உயரம் 45 முதல் 48 செ.மீ. ஒரு பக்கச் சுவரில் நிலையான கைப்பிடி, மறுபக்கம் மேலே மடக்கும் கைப்பிடி. மடங்குகிற பக்கத்தில்தான் வீல்சேர் வந்து நிற்கும். கைப்பிடியை டைல்ஸில் மட்டும் திருகிவிட்டுப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள். சுவருக்குள் நன்றாக இறங்கியிருக்கிறதா என்று நீங்களே முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பாருங்கள். வாஷ்பேசினுக்குக் கீழே முழங்கால் நுழைய இடம் வேண்டும்.

தரை ஈரம்தான் நம் ஊர் டாய்லெட்டின் பெரிய எதிரி. ஊன்றுகோலின் ரப்பர் நுனி ஈர டைல்ஸில் சோப்பு மாதிரிப் போகும். சொரசொரப்பான டைல்ஸ் போட்டு, தண்ணீர் ஒரு மூலைக்கு ஓடும்படி வாட்டம் கொடுத்து, ஒரு மணிக்கொரு முறை துடைக்க ஆளும் வையுங்கள். குழாய் வைத்துச் சிறுநீர் கழிப்பவர்களுக்காகச் சுத்தமான சிறு அலமாரி, மூடியுள்ள குப்பைத்தொட்டி, சோப்பு, கைக்கெட்டும் கொக்கி ஆகியவை வேண்டும். தரையில் விழுந்தவரும் இழுக்கும்படி நீண்ட கயிறோடு ஒரு மணி. சாவி ஆபீஸ் அலமாரியில் இருக்கக் கூடாது. துடைப்பமும் உடைந்த நாற்காலியும் உள்ளே போகக் கூடாது. நான் பார்த்த மண்டபங்களில் பாதியில் அந்த அறை ஸ்டோர் ரூமாகத்தான் இருந்தது.

வீட்டில் குளியலறையை இரவு நேரத்துக்காக யோசியுங்கள். தூங்கும்போது செயற்கைக்காலைக் கழற்றி வைத்திருப்பார். இரண்டு மணிக்கு எழுந்தால் ஒற்றைக்காலில், தூக்கக் கலக்கத்தில் போவார். கட்டிலிலிருந்து குளியலறை வரை சுவரோடு ஒரு கைப்பிடியும், தரையோரம் மங்கலான விளக்கும், உள்ளே ரப்பர் கால் வைத்த ஒரு ஸ்டூலும் வைத்தால் விழுவது பெரிதும் குறையும். மொத்தச் செலவு சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும்.

செருப்பு, கோயில், ஓய்வு

இதைப் பெரும்பாலானவர்கள் யோசிப்பதே இல்லை. செயற்கைக்காலை ஷூவின் குதிகால் உயரத்துக்கு ஏற்ப நிறுத்தியிருப்பார்கள். செருப்பை வெளியே விடுங்கள் என்றால் குதிகால் தாழ்ந்து உடம்பு பின்னால் சாயும், நடக்கும்போது தள்ளாடுவார். வெறுங்காலோடு நடக்கவும் சம்மணம் போடவும் ஏற்ற மாதிரி 1968-இல் வந்த ஜெய்ப்பூர் கால் இதற்காகவே உருவானது, ஆனால் எல்லோரும் அதை அணிவதில்லை. கோயிலோ மண்டபமோ, உள்ளே மட்டும் போடச் சுத்தமான ஒரு ஜோடியை அவர் கொண்டுவர அனுமதியுங்கள். வீல்சேர் சக்கரத்துக்கு வாசலில் ஈரத்துணி. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் தனி வழி கேட்டு ஒரு வீரரும் நிற்க மாட்டார், நிர்வாகம்தான் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

மதியத்துக்கு மேல், செயற்கைக்காலில் காலை நுழைக்கும் குழியான சாக்கெட்டுக்குள் வியர்த்துத் தோல் ஊறிவிடும். காலைக் கழற்றித் துடைத்து, உறை மாற்ற ஒரு திரை போட்ட மூலையும் கைப்பிடி நாற்காலியும் போதும். முதுகுத்தண்டு அடிபட்டவர் அடிக்கடி எடையை மாற்றி உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கே தெரியாமல் படுக்கைப்புண் வந்துவிடும். வியர்ப்பதும் குறைவு என்பதால் வெயிலில் உடம்பு சீக்கிரம் சூடேறும். நிழலில் இடம் கொடுங்கள், நிகழ்ச்சியை நீட்டாதீர்கள்.

சத்தமும் மனசும்

வாசலைப் பார்த்தபடி, முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும் நாற்காலியைச் சிலர் தேடுவார்கள். அதைக் காலியாக வைத்திருங்கள். பின்னாலிருந்து தோளைத் தட்டாதீர்கள். சரவெடி, ஒலிபெருக்கிச் சோதனை எல்லாம் இருந்தால் எத்தனை மணிக்கு என்று முன்னமே சொல்லிவிடுங்கள். தீபாவளி வாரத்தில் போக ஒரு அமைதியான அறை இருந்தால் நல்லது. காது மந்தமானவரிடம் முகத்துக்கு நேராகப் பேசுங்கள், கத்த வேண்டாம்.

எல்லா வீரரும் மனம் உடைந்தவர் என்று நினைப்பதும் தவறு. ஆனால் தூக்கமின்மை, திடீர்க் கோபம், குடி கூடுவது, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே பேசுங்கள், தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலும் பேசலாம். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிற பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. அதனால் முதல் தடவை கூடவே போங்கள். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பேச ஆள் தேவை.

காகித மேசை

கட்டடம் முடிந்ததும் தொடங்க வேண்டிய சேவை இது. பட்டாளத்துக்காரருக்கு இந்தி தெரியும், வீட்டாருக்குத் தமிழ், அலுவலகப் படிவம் கன்னடத்தில். மூன்றும் தெரிந்த ஒரு பெண்ணையோ பையனையோ வாரத்தில் ஒரு நாள் உட்கார வைத்தாலே பல குடும்பங்களுக்கு அலைச்சல் குறையும்.

டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்ற பென்ஷன் ஆணை, மருத்துவ வாரியத்தின் அறிக்கை ஆகிய மூன்றுக்கும் நகல் எடுத்து ஒரே ஃபைலில் வையுங்கள், அசலைக் கையில் கொடுத்துவிடுங்கள். பென்ஷன் விவரமெல்லாம் இப்போது ஸ்பர்ஷ் என்ற அரசு இணையதளத்தில். வருடாந்திர உயிர்ச்சான்றைத் தவறவிட்டால் பென்ஷன் நின்றுவிடும், அந்த மாதத்தை நாட்காட்டியில் குறித்து நீங்களே போன் பண்ணுங்கள். மருத்துவத்துக்கு 2003-இல் வந்த முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம். முழு ஊனம் உள்ளவருக்குத் துணையாள் படி உண்டு, அதைக் கேட்காமலே விட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ராணுவ மருத்துவ வாரியம் தரும் சதவீதம் வேறு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு அரசு மருத்துவமனை தரும் சதவீதம் வேறு. ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விட்டுவிட வேண்டாம். சந்தேகம் இருந்தால் மாவட்ட சைனிக் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

வேலை

கால் போன வீரருக்கு நம் ஊரில் உடனே காட்டும் வேலை செக்யூரிட்டி. பன்னிரண்டு மணி நேரம் நின்றால் காலின் நுனி புண்ணாகிவிடும், மறுபடி வீல்சேர்தான். சாப்பர், அதாவது பொறியாளர் படை வீரர் என்றால் பாலம் கட்டியவர், வயரிங், பிளம்பிங், தச்சு, சர்வே என்று ஏதோ ஒன்றைக் கற்றவர். உங்கள் மண்டபத்துக்கு மேனேஜர் தேவையா? பொருள் கணக்குப் பார்க்க ஆள் வேண்டுமா? முதலில் அவரைக் கேளுங்கள். மேசை உயரத்தை மாற்றுவது, நடுவில் பதினைந்து நிமிடம் காலைக் கழற்றி வைக்க விடுவது, மருத்துவமனை நாளுக்கு லீவு ஆகிய மூன்றும் இருந்தால் பெரும்பாலான வேலை ஓடும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் உள்ளவர்களுக்கு அரசு வேலையில் 4 சதவீத இடம் உண்டு. பெங்களூரிலேயே மாற்றுத்திறனாளிகளுக்காக லிங்கராஜபுரத்தில் 1959 முதல் இயங்கும் ஏ.பி.டி. தொண்டு நிறுவனம், செயற்கைக்காலும் பயிற்சியும் தரும் ஜே.பி. நகர் மொபிலிட்டி இந்தியா, வேலைக்குத் தயார்ப்படுத்தும் எனேபிள் இந்தியா ஆகியவை இருக்கின்றன. எல்லாவற்றையும் நீங்களே புதிதாகத் தொடங்க வேண்டாம், அவர்களிடம் போய்க் கேளுங்கள்.

விளையாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர் 1972-இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றார். 2002-இல் கண்ணிவெடியில் காலை இழந்த ஹொகாட்டோ சேமா 2024 பாரிஸில் குண்டெறிதலில் வெண்கலம் வென்றார். சித்தப்பாவுக்குக் கண்ணிவெடி வெடித்ததும் அதே வருடம். பதக்கத்தன்று டிவியை விட்டு அவர் எழுந்திருக்கவே இல்லை. உங்கள் இடத்தில் ஒரு கேரம் போர்டும், உயரம் சரியான ஒரு டேபிள் டென்னிஸ் மேசையும், மாலை டீயும் இருந்தால் போதும்.

திறப்பதற்கு முன்

எல்லாம் முடிந்ததும் விழா வைக்காமல் ஒரு சாதாரணச் சனிக்கிழமை, தொடக்கத்தில் கருத்துக் கேட்கக் கூப்பிட்ட அதே வீரர்களைத் தனியாக வரச் சொல்லுங்கள். வாசலில் யாரும் காத்திருக்க வேண்டாம். மழைநாளாக இருந்தால் இன்னும் நல்லது.

நாங்கள் வேலை பார்த்த ஒரு சிறு மண்டபத்துக்குச் சித்தப்பா அப்படித்தான் வந்தார், ஆட்டோவில், வீல்சேரை மடக்கிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு. சாய்தளத்தில் அவரே ஏறினார். டாய்லெட் போனார், கேரம் ஆடினார், இரண்டு டீ குடித்தார், ஏழு மணிக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் போன் வந்தது: "தாழ்ப்பாள் உசரமா இருக்கும்மா. நாலு விரக்கடை கீழே எறக்கிடு." திங்கட்கிழமை காலையில் ஆள் அனுப்பி இறக்கினோம்.